பிள்ளையை விடுகிற வீடு



மகப்பேற்று விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிற தாயிடம் ரொறன்ரோவில் எல்லோரும் கேட்கிற முதற் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளையை எங்க விடப் போறியள்?" அவள் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ நெஞ்சோடு வைத்திருந்த பிள்ளை. பகல் முழுக்க அந்தப் பிள்ளை யாருடைய மடியில் இருக்கப் போகிறது என்பதைத் தீர்மானிப்பதற்குள் அவளுக்கு நித்திரை போய்விடுகிறது.

எங்கள் குடும்பங்களில் அதற்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "மூன்றாம் மாடியில ஒரு அக்கா பாக்கிறா, நல்ல மனிசி" என்பதாக இருக்கும். இந்த மாதம் நான் எழுத விரும்புவது அந்த அக்காவைப் பற்றியும், அவருடைய வீட்டைப் பற்றியும், அந்த வீட்டை மேற்பார்வை செய்ய ஒன்ராறியோ மாகாணம் வைத்திருக்கிற சட்டத்தைப் பற்றியும்தான். அவரை நான் மதிக்கிறேன். அந்தச் சட்டமும் எனக்கு வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. அதைப் பற்றி உங்களோடு மனம்விட்டுப் பேச வேண்டும்.

1983 கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்தவர்கள் வெலஸ்லியும் பார்லிமென்ற்றும் சந்திக்கிற பக்கத்து உயர்ந்த கட்டடங்களில் குடியேறிய காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்கள் உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் இரண்டு வேலை செய்தார்கள். பெண்களும் வேலைக்குப் போனார்கள். ஊரில் என்றால் அம்மம்மா பார்த்திருப்பா, சின்னம்மா பார்த்திருப்பா, ஒருவரும் இல்லையென்றால் அயல் பார்த்திருக்கும். இங்கே அம்மம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் அதே கட்டடத்தில் இருந்த வேறு தாய்மார்தான். தங்கள் பிள்ளைகளோடு மற்றவர்களின் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்து, சோறு தீத்தி, தமிழில் பேசி வளர்த்தார்கள். இன்றைக்கு ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் வைத்தியர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிற பலருடைய முதல் ஐந்து வயது அப்படிப்பட்ட ஒரு வீட்டில் கழிந்தது. இந்தச் சமூகத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் என்று நாங்கள் மேடையில் பாராட்டுகிற பட்டியலில் அந்தப் பெண்களின் பெயர் வருவதில்லை. வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பலருக்கு இதில் குழப்பம் இருக்கிறது.

ஒன்ராறியோவில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்ப்பதற்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம் இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கிற அம்மம்மாவைச் சட்டம் தொடுவதே இல்லை. மருமகளைப் பார்க்கிற அத்தையையும் அப்படித்தான். உறவுக்காரர் பார்ப்பது அதன் கணக்கில் வராது. உறவில்லாத பிள்ளைகளைக் காசு வாங்கிப் பார்க்கிறபோதுதான் சட்டம் உள்ளே வருகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பார்க்கிறவர் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஐந்து பிள்ளைகள் வரை வைத்திருக்கலாம். அவர்களில் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. தன்னுடைய பிள்ளை நான்கு வயதுக்குக் குறைந்ததென்றால் அதையும் சேர்த்தே எண்ண வேண்டும். தனது இடத்துக்கு ஒன்ராறியோ அரசின் அனுமதி இல்லை என்பதைப் பெற்றோருக்கு அவர் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். இதை எங்கள் வீடுகளில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அனுமதி பெற்ற வீடு என்றால் அந்த அக்காவின் பெயரில் ஒரு பத்திரம் சுவரில் தொங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்ராறியோவில் அப்படி இல்லை. கல்வி அமைச்சு அனுமதிப்பத்திரத்தைக் கொடுப்பது ஒரு ஏஜென்சிக்கு. அந்த ஏஜென்சி தனித்தனி வீடுகளோடு ஒப்பந்தம் செய்து, அந்த வீடுகளுக்குப் பொறுப்பு நிற்கும். அப்படிச் சேர்ந்த வீட்டில் ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம். அமைச்சின் அதிகாரிகள் ஏஜென்சியைச் சோதிப்பார்கள், ஏஜென்சியின் ஆள் வீட்டைச் சோதிப்பார். வீடு தேடி வருகிற அந்த ஆளைத்தான் ஹோம் விசிற்றர் என்கிறோம்.

ஐந்து, ஆறு, மூன்று என்கிற இந்த எண்களை ஏதோ அலுவலகத்தில் இருந்து போட்ட எண்கள் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். "நாங்கள் எட்டுப் பிள்ளையள் ஒரு வீட்டில வளர்ந்தனாங்கள்தானே" என்பார்கள். வளர்ந்தோம், உண்மை. அந்த வீட்டில் பெரியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், முற்றம் இருந்தது, கதவு திறந்து கிடந்தது. இங்கே பன்னிரண்டாம் மாடியில் ஒரு பெண் தனியாக நிற்கிறார். நெருப்பு மணி அடித்தால் மின்தூக்கியில் ஏற முடியாது, படியால் இறங்க வேண்டும். இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளை அவ்வளவு படியையும் தானாக இறங்காது. தூக்க இருப்பது இரண்டு கை. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் பாருங்கள், அவை எங்கிருந்து வந்தன என்பது விளங்கும். அதனால்தான் 2019இல் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் எல்லையை அரசு இரண்டிலிருந்து மூன்றாகக் கூட்டியபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. இடம் கிடைக்காமல் பெற்றோர் அலைகிறார்கள், பார்ப்பவருக்கும் வருமானம் கூட வேண்டும் என்று சொன்ன காரணம் நியாயமானதுதான். ஆனால் கைகள் மூன்றாகவில்லையே. இன்றைக்கும் நான் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை.

இந்தச் சட்டம் பிறந்த கதையைச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. 2013 ஜூலையில், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள வோன் நகரில், அனுமதி இல்லாத ஒரு வீட்டுப் பராமரிப்பு நிலையத்தில் இரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இறந்தது. கடும் வெயிலில் வாகனத்துக்குள் மணிக்கணக்கில் விடப்பட்டிருந்தது. அந்த வீட்டில் வைத்திருந்த பிள்ளைகள் சட்டம் விட்ட ஐந்து பேரைப் போலப் பல மடங்கு. அது போதாதென்று, அந்த வீட்டில் பிள்ளைகள் கூடிப்போனார்கள் என்று அமைச்சுக்கு முன்னமே முறைப்பாடுகள் போயிருந்தன. யாரோ ஒரு பெற்றோரோ அயலவரோ மனச்சாட்சி கேட்டுத் தொலைபேசியை எடுத்துச் சொல்லியிருக்கிறார். சொன்னது ஒழுங்காகக் கவனிக்கப்படவில்லை. என்னை அதிகம் வருத்துவது இதுதான். பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லப்பட்டது, அவர்கள் பார்க்கவில்லை.

அரசுத் துறைகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற மாகாண ஒம்புட்ஸ்மனாக இருந்த அந்த்ரே மரான் அமைச்சின் பக்கத்தை விசாரித்து 2014 ஒக்ரோபரில் அறிக்கை வெளியிட்டார். அதில் 113 பரிந்துரைகள். முறைப்பாடு வந்தால் எத்தனை நாளுக்குள் போக வேண்டும், போனவர் எதை எழுத வேண்டும் என்பதற்குக்கூட ஒழுங்கான நடைமுறை இருக்கவில்லை என்பது அந்த விசாரணையில் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்தது 1946ஆம் ஆண்டின் பகல்நேரக் காப்பகச் சட்டம். போர் நடந்தபோது தொழிற்சாலைக்குப் போன தாய்மாருக்காகத் திறந்த காப்பகங்களின் தொடர்ச்சியாக வந்த சட்டம் அது. இடையிடையே திருத்தினார்கள், ஆனாலும் அனுமதி இல்லாத வீட்டில் பார்ப்பவரின் சொந்தப் பிள்ளைகளை அது எண்ணவே இல்லை. அவருக்குச் சின்னப் பிள்ளைகள் மூன்று இருந்தால் அவர் உண்மையில் எட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார், சட்டத்தின் கண்ணுக்கு ஐந்து. 2014 டிசம்பரில் புதிய சட்டம் நிறைவேறி 2015 ஓகஸ்ட் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைப் பராமரிப்பு மற்றும் ஆரம்பப் பருவச் சட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து என்று கண்டால் பிள்ளைகளைப் பார்ப்பதை உடனே நிறுத்துமாறு உத்தரவிடும் அதிகாரம் அதில் இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் தண்டப்பணம் 250,000 டொலர் வரை, சிறை ஒரு வருடம் வரை போகலாம். சட்டத்தை மீறியவர்களின் விபரத்தை அமைச்சு இணையத்தில் போடுகிறது. அங்கே போய்ப் பார்க்கிற பெற்றோர் எங்களிடையே மிகக் குறைவு.

சரி, ஹோம் விசிற்றர் வந்தால் என்ன பார்ப்பார்? எங்கள் அக்காமாருக்கு இருக்கிற பயத்தில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில், வருகிறவர் பொலிஸ் இல்லை. பிள்ளை வளர்ச்சி பற்றிப் படித்தவர், குறைந்தது இரண்டு வருடமாவது பிள்ளைகளோடு வேலை செய்தவர், முதலுதவி தெரிந்தவர். ஒருவரின் பொறுப்பில் 25 வீடுகளுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. முதற் பிள்ளை வருவதற்கு முன் வீட்டைச் சோதிப்பார். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வருவார், சொல்லாமல் கொள்ளாமல் வருவார். புகை அறிவிப்பானும் காபன் மொனொக்சைட் அறிவிப்பானும் வேலை செய்கின்றனவா, மருந்துகள் பூட்டியிருக்கின்றனவா, துப்பரவு செய்கிற திரவங்கள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். மாதந்தோறும் நெருப்புப் பயிற்சி செய்து எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார். வீட்டில் இருக்கிற 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் பொலிஸ் சான்று வேண்டும். உங்கள் கணவருக்கும் வேண்டும். அறை எடுத்திருக்கிற தம்பி முறையான பையனுக்கும் வேண்டும். "அவனை எனக்குச் சின்னனிலயிருந்து தெரியும்" என்று அக்கா சொல்வார், மனதார நம்பித்தான் சொல்வார். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாய்க்கு அவனைத் தெரியாது. அவளுக்காகக் கேட்கிறார்கள்.

அடுத்தது ஏணை. இதில் பலருக்கு மனவருத்தம் வரும். சேலையில் ஏணை கட்டி ஆட்டினால் எந்தப் பிள்ளையும் நித்திரையாகும், எங்கள் எல்லோரையும் அப்படித்தான் நித்திரையாக்கினார்கள். அனுமதி பெற்ற வீட்டில் 12 மாதத்துக்குக் குறைந்த பிள்ளையைக் கனடாவின் பாதுகாப்பு விதிக்கு ஏற்ற தொட்டில் அல்லது தொட்டிற் கட்டிலில், மல்லாக்கத்தான் வளர்த்த வேண்டும். நித்திரையில் இருக்கிற பிள்ளையை இடையிடையே போய்ப் பார்க்கவும் வேண்டும். காரணம் எளியது. மல்லாக்கப் படுக்கிற சிசு நித்திரையில் திடீரென்று இறக்கும் ஆபத்து மிகவும் குறைகிறது என்று மருத்துவ உலகம் கண்டறிந்திருக்கிறது. மென்மையான துணிக்குள் முகம் புதைந்தால் அந்தச் சின்ன உடம்பால் திரும்பி மூச்செடுக்க முடியாது. ஏணையில் வளர்ந்த எனக்கே இதை எழுதச் சற்று மனம் கனக்கிறது. ஆனாலும் மற்றவரின் பிள்ளையை நம்பி வாங்கியிருக்கிறபோது மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

சில்லுப் பூட்டிய பேபி வோக்கரும் அப்படித்தான். 2004 ஏப்ரலில் இருந்து கனடாவில் அதை விற்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது. பிள்ளை அதோடு உருண்டு படியால் விழுந்த சம்பவங்கள் அவ்வளவு. ஊருக்குப் போய்வருகிறவர்கள் ஆசையாகப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஒரு வயதாகாத பிள்ளையின் நாக்கில் தேன் தடவுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் குடலில் பெருகி உடலைச் சோரச் செய்துவிடும் என்று கனடாவின் சுகாதார அமைச்சு எச்சரிக்கிறது.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. பிள்ளை பார்க்கிற இடத்தில் செய்யக்கூடாதவை என்று விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அடிக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பட்டியலில், பிள்ளையை அதன் விருப்பத்துக்கு மாறாகச் சாப்பிடவோ குடிக்கவோ செய்யக்கூடாது என்றும் இருக்கிறது. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைத்துத் தீத்துகிற பழக்கம் எங்களுக்குப் புதிதில்லை. "ஒரு வாய், கடைசி வாய்" என்று கடைசி வாய்கள் பத்துப் போகும். அன்பினால் செய்கிறோம், பசி கண்ட தலைமுறை என்பதால் செய்கிறோம். ஆனால் வயிறு நிறைந்துவிட்டது என்று பிள்ளை சொல்கிறபோது அதை நம்புவதும் அன்புதான். அச்சுறுத்தக்கூடாது, இழிவாகப் பேசக்கூடாது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. "பேய் பிடிச்சுக்கொண்டு போகும்", "அம்மா இனி வரமாட்டா" என்று சொல்லி அடக்குவதும், நிறத்தைச் சொல்லி உடம்பைச் சொல்லிப் பட்டம் வைத்துக் கூப்பிடுவதும் அதற்குள் வரும். அம்மா வரமாட்டா என்பது பெரியவருக்கு ஒரு பேச்சு. வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பயம் உலகத்தில் கிடையாது. இதைச் சட்டமாக எழுதி வைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

"என்ர வீட்டுக்குள்ள ஆரோ வந்து அலுமாரி திறந்து பாக்கிறதோ? நான் பிள்ளை வளர்க்கத் தெரியாதவளோ?" இந்த வார்த்தைகளைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். இதற்குள் இருக்கிற அவமான உணர்வு உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. இருபது வருடம் கைக்குழந்தைகளைப் பார்த்த பெண்ணிடம் நேற்றுப் படித்து முடித்த ஒருவர் வந்து காகிதத்தில் சரி, பிழை போட்டால் மனம் நோகும். ஆனால் அந்தப் பெண்ணின் நாளை நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கிறார். மாலை ஆறு மணி வரை பெரியவர் ஒருவரோடும் பேச்சில்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொன்று பேச வேண்டிய வயதில் பேசவில்லை, மூன்றாவது எல்லோரையும் கடிக்கிறது. யாரிடம் கேட்பார்? தாயிடம் சொன்னால் கோபிப்பாளோ என்று பயம். ஹோம் விசிற்றர் வருகிற வீட்டில் கேட்க ஓர் ஆள் இருக்கிறது. பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லித் தாயிடம் எடுத்துச் சொல்லவும் ஓர் ஆள் இருக்கிறது. விளையாட்டுச் சாமானையும் தள்ளுவண்டியையும் இரவல் கொடுக்கிற ஏஜென்சிகளும் உண்டு. பிள்ளை விழுந்து அடிபட்டால், என்ன நடந்தது என்று அன்றைக்கே எழுதி வைத்த தாள் அக்காவின் பக்கத்தில் நிற்கும்.

காசுக் கதைக்கும் வருவோம், அதைப் பேச வெட்கப்படத் தேவையில்லை. 2022 மார்ச் 28 அன்று ஒன்ராறியோ மத்திய அரசோடு பிள்ளைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாகாணங்களில் கடைசியாகச் சேர்ந்தது ஒன்ராறியோதான். அந்தத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர் கொடுக்கிற கட்டணம் 2025 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் போகாது. ஏஜென்சியோடு சேர்ந்த வீடும் இதற்குள் வரலாம். ஏஜென்சி இல்லாத வீடு வரமுடியாது. அதாவது, அனுமதி இல்லாத வீட்டில் பிள்ளையை விடுகிற குடும்பம் அரசு கொடுக்கிற உதவியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நகரசபை கொடுக்கிற மானியமும் இப்படித்தான்.

பற்றுச்சீட்டு இல்லாமல் கைக்காசாக வாங்குகிற வழக்கம் இரண்டு பக்கத்தையும் வருத்துகிறது. ஏழு வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளைக்கு வருடம் 8,000 டொலர் வரை பராமரிப்புச் செலவாக வருமானத்தில் கழிக்கலாம். அதற்குச் சமூகக் காப்புறுதி இலக்கம் போட்ட பற்றுச்சீட்டு வேண்டும். அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெற்றோர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பார்க்கிற அக்காவின் இழப்பு இதைவிடப் பெரிது. கணக்கில் காட்டாத வருமானத்துக்குக் கனடா ஓய்வூதியத் திட்டத்தில் பங்களிப்பு இல்லை. இருபத்தைந்து வருடம் இந்த நகரத்தின் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்து இடுப்பு நொந்த ஒரு பெண், 65 வயதில் அந்தத் திட்டத்தில் தன் பெயருக்கு ஒன்றுமே இல்லை என்று காண்கிற நிலை எனக்குத் தாங்கவில்லை. வரி கட்டச் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். நீங்கள் செய்தது வேலை. அது வேலை என்று எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு பயம், ஏஜென்சியில் சேர்ந்தால் தமிழை விட வேண்டுமோ என்பது. இல்லை. அந்த வீட்டில் தமிழில் பேசலாம், தமிழில் பாட்டுச் சொல்லலாம், பருப்பும் கீரையும் சேர்த்துச் சோறு பிசையலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு என்ன கொடுக்கக்கூடாது என்பதை எழுதி வைத்து அதன்படி நடந்தால் சரி. முப்பது மாதம் நிறைந்த, பள்ளிக்கூடம் போகாத பிள்ளையைக் காலநிலை விட்டால் தினம் இரண்டு மணித்தியாலம் வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். குளிருக்குப் பயந்து பிள்ளையைத் தொலைக்காட்சிக்கு முன் இருத்துகிற எங்களுக்கு அது நல்லதுதான். பூங்காவில் வாத்தைக் காட்டி "வாத்து" என்று சொல்லிக் கொடுக்க எந்த விதியும் தடை சொல்லவில்லை. பெரிய நிலையங்களைவிட வீடு பிள்ளைக்கு நல்லது என்று நினைக்கிற பெற்றோர் நினைப்பதும் இதைத்தான்: ஒரே முகம், ஒரே மடி, சமையல் மணம், அண்ணன் தங்கை போல வளர்கிற நாலைந்து பிள்ளைகள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்கள் வழக்கத்தில் மூத்த பெண் ஒருவரிடம் போய், உங்களிடம் முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு போலப் படுகிறது. கல்யாண வீட்டில் சந்திக்க வேண்டும், கோயிலில் சந்திக்க வேண்டும், எப்படி முகம் பார்ப்பது என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். கார் வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம். மரியாதையாகவே கேட்கலாம். "அக்கா, உங்களை நம்பித்தான் விடுறம். வேற எத்தனை பிள்ளையள் வருவினம்? ஆரார் வீட்டில இருப்பினம்? சின்னவரை எதில நித்திரையாக்குவியள்? கடைக்குப் போகவேண்டி வந்தா என்ன செய்வியள்?" இப்படிக் கேட்டால் நல்ல அக்கா கோபிக்க மாட்டார். பிள்ளை அங்கே இருக்கிற எந்த நேரமும் நீங்கள் போய்ப் பார்க்கலாம், உங்களைத் தடுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. அதுவும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. "முதல் போன் பண்ணிப்போட்டு வாங்கோ" என்று வற்புறுத்துகிற வீடு என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

கூட்டமாகப் பிள்ளைகளை அடைத்து வைத்திருக்கிற வீட்டைக் கண்டால் அமைச்சுக்குச் சொல்லுங்கள். எங்களில் பலருக்கு இது லேசான காரியம் இல்லை. அதிகாரிகளுக்குத் தகவல் சொல்வது என்றாலே உடம்பு நடுங்குகிற ஒரு நாட்டில் இருந்து வந்தவர்கள் நாங்கள். ஒருவரின் பிழைப்பைக் கெடுத்துவிடுவோமோ என்ற தயக்கமும் இருக்கும். அந்தப் பெண்ணோடு நேரே பேச முடிந்தால் முதலில் பேசுங்கள், ஏஜென்சியில் சேர வழிகாட்டுங்கள். ஆனால் பிள்ளைகள் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குப் பட்டால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்.

அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அனுமதி இல்லாத வீட்டுக்கு அதிகாரி போவது முறைப்பாடு வந்தால்தான். யாரும் சொல்லாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அனுமதி இல்லாமல் பார்க்கக்கூடியது உறவில்லாத இரண்டு பிள்ளைகளை, அல்லது ஒரே வீட்டுச் சகோதரங்களை மட்டும். அதற்கு மேல் என்றால் அனுமதிப்பத்திரம் எடுத்தே ஆக வேண்டும். ஐந்து வரை ஒருவர் கண்ணிலும் படாமல் பார்க்கலாம் என்று ஒன்ராறியோ விட்டிருப்பது பெரிய இடைவெளி. அதை ஒரே நாளில் இறுக்கினால் ஆயிரக்கணக்கான தாய்மார் நடுத்தெருவில் நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் நான் கேட்பது இதுதான்: ஏஜென்சியில் சேருவதை இலகுவாக்குங்கள். விண்ணப்பத்தையும் விதிகளையும் தமிழில் தாருங்கள். முதலுதவி வகுப்பைத் தமிழில், சனி ஞாயிறில், ஸ்காபுறோவில் நடத்துங்கள். நெஞ்சில் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பயிற்சியை அரைகுறையாக விளங்கிய மொழியில் படித்த ஒருவர், நெருக்கடி நேரத்தில் அதை எப்படி நினைவில் எடுப்பார்? தமிழ் தெரிந்த ஹோம் விசிற்றர்களைக் கூடுதலாக எடுங்கள். இங்கே ஆரம்பக் கல்வி படித்துவிட்டு வேலை தேடுகிற எங்கள் பிள்ளைகளுக்கு அது நல்ல வேலை.

இதைப் படிக்கிற அக்காமாரில் யாராவது ஏற்கெனவே ஏஜென்சியில் சேர்ந்திருந்தால், முதல் நாள் வீடு பார்க்க வந்தபோது என்ன கேட்டார்கள், எதை மாற்றச் சொன்னார்கள், இப்போது மாதம் எப்படிப் போகிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். எழுத்து வராவிட்டால் குரலில் பதிந்து அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். அடுத்த இதழில் உங்களுக்காக நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்